காக்கைக்கு வைத்த பொங்கல்

சர்க்கரை வியாதிக்காரன் என்று தெரிந்தால் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிடுகிறார்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாவல் கொட்டைப் பொடி என்று ஆளுக்கொரு வைத்தியம் கையில் வைத்திருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர வரவில்லை. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே சோற்றையும் மாவுப் பண்டங்களையும் குறைத்துச் சாப்பிட்டவன் நான். அதனால் எனக்குப் பெரிய நன்மை உண்டானது. ஒரு காலை நேரம் உயிர் போகவும் பார்த்தது. இரண்டையும் நடந்தபடி சொல்லிவிட்டால், என் மாதிரி ஊசியும் பத்தியமுமாக இருக்கிற யாருக்காவது உதவும்.

என் தொழில் டிரைவர். வீடு மாமல்லபுரத்தில், கல் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற தெருவில். விடிந்ததிலிருந்து உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் கேட்காவிட்டால்தான் காது வலிக்கும். முதலில் பட்டறைகளுக்குக் கல் ஏற்றிவரும் லாரி ஓட்டினேன். பிறகு படூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஸ்டாஃப் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. மாமல்லபுரத்தில் புறப்பட்டு, கடற்கரைச் சாலையில் வடக்கே போய், கோவளத்தில் இடது பக்கம் திரும்பி, உப்பளங்களுக்கு நடுவே கேளம்பாக்கம், அங்கிருந்து படூர். ஏறுகிறவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். ஏறின உடனே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிவிடுவார்கள். நாற்பது பேரும் முழிக்காமல் படூர் போய்ச் சேர்ந்தால் அன்று நான் நன்றாக ஓட்டியிருக்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பெருமை எனக்கு உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

வியாதி வந்தது தொண்ணூற்று ஏழில். லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம். தாகமும், பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டுவதுமாக இருந்தேன். ரத்தம் சோதித்துவிட்டு சுகர் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். "சோத்தக் குறைங்க" என்றார் அப்போது பார்த்த டாக்டர்.

என் மனைவி சரோஜா எதையும் பாதியாகச் செய்யத் தெரியாதவள். குறைக்கச் சொன்னதை அடியோடு நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சப்பாத்தி. அவள் பிறந்த வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, அதுவரை சப்பாத்தி என்பது ஓட்டலில் பார்க்கிற சாமான். புதிதாகப் பலகை வாங்கி, கட்டை வாங்கி, தினமும் விடியற்காலையில் மாவு பிசைந்தாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் ஆறு சப்பாத்தி, சாயங்காலம் உப்பு பிஸ்கட், ராத்திரி கோதுமை உப்புமா. யார் கேட்டாலும் "எங்க வூட்டுக்காரரு சோறே தொடமாட்டாரு" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டினேன்.

இரண்டாயிரத்து எட்டு ஆரம்பத்தில் வலது கால் பெருவிரலின் அடியில் ஒரு கொப்புளம் வந்தது. ஆக்சிலேட்டர் மிதிக்கிற விரல். வலி இல்லாததால் நான் கவனிக்கவில்லை. சாக்ஸில் ஈரம் பார்த்துச் சரோஜாதான் கண்டுபிடித்தாள். செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

காத்திருக்கும் அறையில் எனக்கு எதிரே ஒருவர் ஒரு காலோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். கேட்காமலேயே தன் கதையைச் சொன்னார். "மொதல்ல வெரல்தான் எடுத்தாங்க" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை வைத்து என் பாதத்தில் அங்கங்கே தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது சொல்ல வேண்டும். "இப்ப?" "இல்லைங்க." "இப்ப?" "இல்லைங்க." பெருவிரலில் அவர் தொட்டது எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்தார். நாம் சோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்றினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அது கன்னாபின்னாவென்று இருந்தது.

"இந்த சுகரோட புண் ஆறாது. ஆறலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அட்மிட் ஆகுங்க, இன்சுலின் போடணும்" என்றார்.

விரல் போனால் ஆக்சிலேட்டரை எதைக் கொண்டு மிதிப்பது என்பதுதான் எனக்கு வந்த முதல் யோசனை. இரண்டாவது யோசனை அதைவிட மோசம். எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருந்தது: இன்சுலின் போடுகிறவன் ஆள் ஏற்றும் வண்டியை ஓட்டக் கூடாது. நான் பொய் சொல்லவில்லை. மேனேஜருக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன். அவரும் நல்லவிதமாகத்தான் பேசினார். உடம்பு தேறி வந்ததும் கேளம்பாக்கம் ஷெட்டில் வண்டிகளைப் பார்த்து அனுப்பும் வேலை தருவதாகச் சொன்னார். என் பஸ்ஸை செல்வம் என்கிற பையனுக்குக் கொடுத்தார்கள். பையன் என்றாலும் அவனுக்கு முப்பது வயது. எனக்குப் பிறகு ஓட்டுகிறவன் எவனும் எனக்குப் பையன்தான்.

வார்டில் தினமும் ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். காலையில் முப்பது யூனிட், ராத்திரி இருபது என்று வந்து நின்றது. அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "சோறு சாப்பிடறீங்களா?" "தொடறதே இல்லைங்க." "ஸ்வீட்டு?" "சத்தியமா இல்லைங்க." இரண்டும் உண்மை.

ஒரு நாள் அவர் ரவுண்ட்ஸ் வந்த நேரமும், சரோஜா மாமல்லபுரத்திலிருந்து பஸ் பிடித்துச் சாப்பாடு கொண்டுவந்த நேரமும் ஒன்றாக அமைந்தன. டாக்டரம்மா கேரியரைத் திறக்கச் சொன்னார். மேல் அடுக்கில் உருளைக்கிழங்கு. அடுத்ததில் ஆறு சப்பாத்தி, துணியில் சுற்றி, இன்னும் சூடு ஆறாமல். அடியில் கேழ்வரகுக் கஞ்சி.

"இதையா தினமும் தர்றீங்க?"

"ஆமாம்மா. பத்து வருசமா சோறே கெடையாது" என்றாள் சரோஜா, பரிசு வாங்க நிற்கிறவள் போல.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "அரிசி, கோதுமை, கேழ்வரகு, கிழங்கு எல்லாத்துலயும் இருக்கறது மாவுச்சத்துதாம்மா. வயித்துக்குள்ள போனா எல்லாம் சர்க்கரைதான். கோதுமை கொஞ்சம் மெதுவா ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்."

சரோஜா கேரியரை மூடினாள். அவள் கைகளைப் பார்த்தேன். பத்து வருஷம் மாவு பிசைந்ததில் வலது தோளைத் தூக்க முடியாமல் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்குகிறவள் அவள். எனக்கு அந்த நிமிஷம் என் விரலைவிட அவள் தோளை நினைத்துத்தான் அழுகை வந்தது.

அன்றிலிருந்து சாப்பாடு மாறியது. முட்டை, மீன், கீரை, சுரைக்காய், வெள்ளரி, தேங்காய், மோர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல். சோறு, சப்பாத்தி, இட்லி, கஞ்சி எதுவும் கிடையாது. டாக்டரம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "மாவு குறையும்போது ஊசியும் குறையணும். ரத்தத்துல இருக்கிற சர்க்கரைய எடுத்து உடம்புக்குள்ள தள்றதுதான் இன்சுலினோட வேலை. நீங்க சாப்பிடலைன்னாலும் அது தள்ளிக்கிட்டேதான் இருக்கும். அளவை நான்தான் குறைப்பேன். நீங்களா எதையும் மாத்தக் கூடாது." இது எனக்கு உடனே விளங்கியது. கிளட்சை மிதிக்காமல் கியரை மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸ் சரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அவருக்கு நடுங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறினா சர்க்கரை இறங்கிடுச்சுன்னு அர்த்தம். உடனே சர்க்கரைத் தண்ணி. ஏறிச்சா இறங்கிச்சான்னு சந்தேகமா இருந்தாலும் சர்க்கரைதான் குடுக்கணும். ஊசி போடக் கூடாது." விரலில் குத்திப் பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கிக்கொள்ளவும் சொன்னாள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சர்க்கரை ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா மறுபடியும் தன் குணத்தைக் காட்டினாள். அரிசி டிரம், சர்க்கரை டப்பா, வெல்லம், ரவை, கோதுமை மாவு, பிஸ்கட் என்று எல்லாவற்றையும் எடுத்து எதிர்வீட்டு ராணியிடம் கொடுத்துவிட்டாள். என் கண்ணில் படக்கூடாதாம். "ஆத்திர அவசரத்துக்கு?" என்று கேட்டேன். "பத்தடி தள்ளி ராணி வூடு கீது. ஓடிப்போய் வாங்கினு வரமாட்டனா?" என்றாள். அது எனக்கும் நியாயமாகப் பட்டது.

அவளும் என் முன்னால் சோறு சாப்பிடுவதில்லை. நான் ஷெட்டிலிருந்து வந்து மீனும் கீரையும் சாப்பிட்டு முடித்த பிறகு, "ராணிகிட்ட ஒரு விஷயம் கேட்டுட்டு வரேன்" என்று போவாள். திரும்பி வரும்போது அவள் மேல் ரச வாசனை வரும். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பேன். விஷயம் தினமும் இருந்தது.

மூன்று மாதத்தில் புண் ஆறியது. ஊசி முப்பது, இருபதிலிருந்து படிப்படியாக இறங்கி, காலையில் மட்டும் பதினாறு யூனிட் என்று ஆனது. சராசரிப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

கம்பெனியின் டாக்டர் வேறு ஒருவர். படூர் ஆபீசிலேயே வாரத்தில் ஒரு நாள் உட்காருவார். கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அவர் சொன்னார்: "ஊசி இவ்வளவு குறைஞ்சிருக்கு. ஆகஸ்ட் கடைசியில வாங்க. அதுவரைக்கும் லோ சுகர் ஒரு தடவைகூட வராம இருந்தா, உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டு நான் மேல எழுதறேன். ஒரு தடவை வந்திருந்தாலும் என்னால முடியாது. உங்க பின்னாடி நாப்பது பேர் உக்காந்திருக்காங்க."

அந்த மாதங்களில் நான் மாமல்லபுரத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு அரசு பஸ்ஸில்தான் போய்வந்தேன். என் பஸ்ஸில் இலவசமாக வரலாம் என்று செல்வம் தினமும் கூப்பிடுவான். அதில் பயணியாக ஏறுவதில்லை என்று ஒரு வைராக்கியம் எனக்கு. அன்று டாக்டர் அப்படிச் சொன்னதும், ஷெட்டில் நின்ற என் வண்டியின் ஸ்டியரிங்கைத் துணி வைத்து ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தேன். ஆகஸ்ட் கடைசிக்குச் சில வாரங்கள்தான் இருந்தன.

நடுவில் ஆடி அமாவாசை வந்தது.

அமாவாசைக்கு அப்பாவுக்குப் படையல் போட்டு, இலையைச் சுவர் மேல் வைத்து, காக்கை வந்து தொட்ட பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் எதையும் போடுவோம். இது எங்கள் வீட்டில் என்றும் மாறாத வழக்கம். சாதாரணமாக மதியம் செய்வது. என் ஊசிக்காகச் சரோஜா அதைக் காலைக்கு மாற்றினாள். ஊசி போட்டு அரை மணிக்குள் நான் சாப்பிட்டாக வேண்டும். அதனால் எட்டு மணிக்குப் படையல், எட்டேகாலுக்குக் காக்கை, எட்டரைக்கு நான் என்று கணக்குப் போட்டு வைத்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காக்கைக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் உயிர். ராணியிடமிருந்து ஒரு கைப்பிடி அரிசியும் ஒரு அச்சு வெல்லமும் வாங்கிவந்து, ஒரு கரண்டி அளவுக்குப் பொங்கல் செய்தாள் சரோஜா. மிச்சம் வைத்தால் எனக்குச் சபலம் வரும் என்று மொத்தத்தையும் இலையில் வைத்துவிட்டாள். வீட்டில் இருந்த அத்தனை இனிப்பும் காம்பவுண்ட் சுவர் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பாசிப்பருப்புக் கூட்டும் கீரையும் அடுப்படியில் மூடி வைத்திருந்தது. விரத நாள் என்பதால் முதல் நாள் ராத்திரியும் மோரோடு நிறுத்தியிருந்தேன்.

நான் ஊசி போட்டுக்கொண்டேன். சரோஜா இலையை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. அன்று கரையில் நெத்திலி கொட்டிக் கிடந்தது என்று பிறகு தெரிந்தது. ஊர்க் காக்கை முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது. மீன் கிடைக்கிற நாளில் அப்பாவே வந்திருக்கமாட்டார்.

"கொஞ்சம் பொறுங்க, வந்துரும்" என்றாள். எட்டரை தாண்டியும் நான் நாற்காலியில் உட்கார்ந்து பொறுத்தேன். பட்டறைச் சத்தம் தூரமாகப் போவது போல இருந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. ஆடி மாதத்தில் இப்படிப் புழுங்குகிறதே என்று நினைத்தேன். என் ஞாபகம் அதோடு சரி. இதற்கு மேல் சொல்வது சரோஜாவும் ராணியும் என்னிடம் சொன்னது.

சரோஜா வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது நான் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தேனாம். இடது கை அவ்வப்போது இறங்கிக் கியர் போட்டதாம். முகமெல்லாம் வேர்வை.

"இன்னாங்க, இன்னா பண்றீங்க?"

"கோவளம் எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்றேனாம்.

சரோஜா எதிர்வீட்டுக்கு ஓடினாள். "ராணி, சக்கர குடுடி, சீக்கிரம்!"

ராணி எட்டிப் பார்த்தாள். அவள் பதறிவிட்டாள். "சக்கரையா? இன்னா பேசற நீ? சுகரு ஏறித்தான் இப்படி உளர்றாரு. இதுமேல சக்கர குடுத்தியானா கொன்னுடுவ. ஊசி கீதுல்ல, இன்னொன்னு போடு. எங்க மாமனாருக்கு அப்படித்தான் போட்டாங்க." டப்பாவை எடுக்காமல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்து மாதமாக என் கண்ணில் சர்க்கரை படக் கூடாது என்று அவளிடம் காவல் வைத்தது நாங்கள்தானே? அவள் ஒழுங்காகக் காவல் காத்தாள்.

சரோஜா திரும்ப வீட்டுக்குள் வந்தாள். ஊசி மருந்து மண்பானைத் தண்ணீரில், டம்ளருக்குள் இருந்தது. அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிற்பாடு சொன்னாள்: "ஒரு நிமிசம் எனக்குக் காலு ஓடல. பத்து வருசமா நல்லதுன்னு நெனச்சித்தான் சப்பாத்தி போட்டேன். இப்பவும் தப்பாப் போயிடுச்சின்னா?" அப்புறம் நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. சந்தேகமா இருந்தாலும் சர்க்கரைதான்.

சுவர் மேலிருந்து அப்பாவின் இலையை எடுத்தாள்.

"ஐயய்யோ, காக்கா தொடலடி! படையல எடுக்கறியே!" என்று கத்தினாளாம் ராணி.

"அவரு புள்ளைக்குத்தான் குடுக்கறேன்" என்றாளாம் சரோஜா.

நான் வாயைத் திறக்க மறுத்தேனாம். "எனக்குச் சுகர் இருக்கு, வாணாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டேனாம். ஐந்து மாதப் பழக்கம்; சாகப் போகும்போதும் பத்தியம் காத்திருக்கிறேன். அவள் என் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பொங்கலில் இருந்த வெல்லப் பாகை விரலால் வழித்து என் உதட்டுக்கு உள்பக்கம் தடவித் தடவி விட்டிருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக நான் நக்கினேனாம். பிறகு விழுங்கினேன். பாதி இலை காலியானபோதுதான் எனக்குக் கண் தெரிந்தது. முன்னால் சரோஜாவின் முகம். வாயெல்லாம் இனிப்பு. என்ன நடந்தது என்று புரியாமல், "காக்கா வந்துடுச்சா?" என்று கேட்டேன். அவள் இலையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

ராணிதான் ஆட்டோ பிடித்து வந்தாள். கையில் சர்க்கரை டப்பாவையும் கொண்டுவந்து எங்களோடு ஏற்றி விட்டாள்.

செங்கல்பட்டில் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலையில் நான் போட்ட இன்சுலினின் வேலை பல மணி நேரம் நீடிக்குமாம். அதனால் ஒரு தடவை தெளிந்துவிட்டது என்று விட்டுவிட்டால் மறுபடியும் இறங்கிவிடுமாம். இரண்டு நாள் படுக்க வைத்து, விரலில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். டாக்டரம்மா முழுக் கதையையும் கேட்டார். "பொங்கல் குடுத்தது கரெக்ட். இன்னொரு ஊசி போட்டிருந்தா இவரை நான் பாத்திருக்க முடியாது" என்று சரோஜாவிடம் சொன்னார். என்னிடம், "ஊசி போட்டா உங்களுக்குத்தான் முதல் பந்தி. காக்கா, சாமி எல்லாரும் அப்புறம்" என்றார். அளவை மறுபடியும் குறைத்தார். மிஷினை அன்றைக்கே வாங்கினோம்.

சரோஜாவுக்கு வேறு கவலை. "மாமா கோச்சிக்குவாரா? தொடறதுக்கு முன்னாடி எடுத்துட்டனே" என்று இரண்டு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கப்பா நான் ஜுரத்தில் கிடந்தால் தன் தட்டில் இருப்பதை எனக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிற மனிதர். அவரா கோபித்துக்கொள்வார்? இதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இரண்டாம் நாள் பார்க்க வந்த ராணிதான் தீர்த்து வைத்தாள். "நீங்க ஆட்டோல போனதுந்தான் ஒண்ணு வந்துச்சு சரோஜா. கீழ கெடந்த எலையில ஒட்டினு இருந்தத கொத்திட்டுப் போச்சு. நான் பாத்தேன்." உண்மையாகவே வந்ததா, ராணி செய்த பரிகாரமா என்று நான் விசாரிக்கவில்லை.

வார்டில் இருந்தபோது ஒன்று கேட்டேன். "கை ஸ்டியரிங் புடிச்சிதுன்னியே. காலு?"

சரோஜா யோசித்தாள். "கையிதான் ஓட்டிகினு இருந்துச்சு. காலு ரெண்டும் தரையில சும்மா கெடந்துச்சு. அசையவே இல்ல."

அன்றைய சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் படூருக்கு இரண்டு பேருமாகப் போனோம். கம்பெனி டாக்டர் சரோஜாவையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். செங்கல்பட்டு சமாச்சாரம் அவருக்குத் தெரியாது. ராணி படூர்ப் பக்கம் போகிறவள் இல்லை. டாக்டர் என் பாதத்தைப் பார்த்தார், சராசரியைப் பார்த்தார். ஊசி காலையில் பத்து யூனிட்தான் என்றதும் புருவத்தைத் தூக்கினார்.

"ரொம்ப நல்லா இருக்கு. லோ சுகர்? ஒரு தடவைகூட வரலியே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள். "ஒரு தபாகூட வரல சார். நான் கூடவேதான் கீறேன்."

அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சாமி மேல் அவ்வளவு பயம் உள்ளவள். என் முகத்தைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்துக்கொண்டு, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷெட்டிலிருந்து நான் திரும்பும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று ஐந்து மாதமாகப் பார்த்தவள் அவள்தான். எனக்காக அப்பாவின் இலையை எடுத்த மாதிரி இதையும் எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

மாமல்லபுரத்திலிருந்து படூர் வரை அந்தச் சாலையில் எங்கே பள்ளம், எங்கே மாடு குறுக்கே வரும், எந்த நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடம் விடும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அன்று காலையில் ஓட்டினேனே ஒரு பஸ், அந்தச் சாலையில் எனக்கு ஒரு அடிகூட ஞாபகம் இல்லை. பிரேக் இல்லாமல் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

"வந்துது சார்" என்றேன். "ஆடி அமாவாசை அன்னிக்கி. எனக்கு நினைவே இல்ல."

டாக்டர் என்னையும் சரோஜாவையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னார். டிரைவருக்கு டாக்டர் தேங்க்ஸ் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்தபோது ஆபீஸ் விடுகிற நேரம். என் பஸ் வாசலில் நின்றது. செல்வம் கதவைத் திறந்துவைத்து, வழக்கம்போல, "அண்ணாத்த, ஏறுங்க" என்றான். வழக்கம்போல மறுக்கத்தான் வாயெடுத்தேன். சரோஜா ஏறிவிட்டாள். நானும் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு. பிள்ளைகள் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்கள்.

உப்பளம் தாண்டும்போது சரோஜா கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே சர்க்கரை பொட்டலம் இரண்டு, ஒரு துண்டு வெல்லம். இப்போது எங்கள் வீட்டில் சாமி அலமாரியில்கூடச் சர்க்கரை இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போது சபலம் வருவதில்லை. "பொய் சொன்னதுக்கு ஏங்க என்ன திட்டல?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோவளத்தில் கடற்கரைச் சாலையில் வலது பக்கம் திரும்புகிற இடம் வந்தது. அந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். செல்வம் இன்னும் குறைக்கவில்லை. என் வலது கால் தானாக எழுந்து, முன்னால் இருந்த தகரத்தை மிதித்தது. டாக்டரம்மா தொட்டும் தெரியாத அந்தப் பெருவிரலில் சில்லென்று தெரிந்தது. மிதித்த காலை எடுக்கவில்லை.

சரோஜா குனிந்து பார்த்தாள். என் முழங்காலில் கையை வைத்தாள்.

"பிரேக்க செல்வம் புடிப்பான். நீங்க கால எடுங்க" என்றாள்.